குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்கும் முன்

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஏறத்தாழ 200 வீடுகள் கொண்ட உங்கள் பகுதியில் 12 ஆண்டுகளாக ஒரு நலச் சங்கம் இருக்கிறது, தொடங்கிய காலத்து வேகம் இப்போது இல்லை, பொதுக்குழுவுக்கு 15 பேர் வந்தாலே பெரிது, எல்லா வேலையையும் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவந்த செயலாளர் இந்த ஆண்டோடு விலகுகிறார், அந்தப் பொறுப்பை உங்களை ஏற்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா, ஏற்றால் எப்படி நடத்துவது, முதலில் எதில் கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே போன்ற ஒரு சங்கத்தில் நான் 6 ஆண்டுகள் செயலாளராகவும், அதன்பின் 3 ஆண்டுகள் கணக்குகளைச் சரிபார்ப்பவனாகவும் இருந்திருக்கிறேன். செயலாளராக இருந்த ஐந்தாம் ஆண்டில், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் உடல்நலம் குன்றி 8 வாரங்கள் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அந்த 8 வாரங்களும் சங்கம் அப்படியே நின்றுபோயிற்று. வடிகாலைத் தூர்வாருபவரின் எண் என் கைப்பேசியில் இருந்தது. ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதி என் நினைவில் மட்டும் இருந்தது. பூங்காவில் உள்ள கருவி அறையின் சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தேதி தவறியதற்கு அபராதம் கட்டினோம். இரண்டு தெருக்களில் மழைநீர் புகுந்தது. அதற்கு முந்தைய பொதுக்குழுவில்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். நன்றாக நடத்துகிறேன் என்று நானும் முழுமனதாக நம்பியிருந்தேன். ஒருவர் படுத்துவிட்டால் தானும் படுத்துவிடும்படி ஒரு சங்கத்தை வைத்திருப்பது பெரும் பிழை என்பது அந்த மழையில்தான் எனக்குப் புரிந்தது. இங்கே நான் எழுதுவது எல்லாமே அந்த அனுபவத்திலிருந்து வருவதுதான். சங்கத்தின் எந்த வேலையும் எந்த நாளும் வேறொரு கைக்கு மாறக்கூடியதாக அமைந்திருக்க வேண்டும். செயலாளரின் முதல் கடமை அப்படி அமைத்துக் கொடுப்பதுதான்.

உங்கள் சங்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் உரிமையாளர்கள் சேர்ந்து அமைக்கும் சங்கங்களுக்குப் பல நாடுகளில் சட்டமே சில அதிகாரங்களைத் தருகிறது. அங்கே வீடு வாங்கும்போதே உறுப்பினர் பொறுப்பும் பராமரிப்புத் தொகையும் சேர்ந்தே வருகின்றன. பல தெருக்களைச் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்து அமைக்கும் உங்களுடையதைப் போன்ற சங்கத்துக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் கிடையாது. சந்தா கட்டாதவரைக் கட்ட வைக்க முடியாது. குப்பையை வீதியில் கொட்டுபவருக்கு அபராதம் விதிக்க முடியாது. யார் வீட்டு வாசலில் யார் வண்டியை நிறுத்தலாம் என்று ஆணையிட முடியாது. எடுத்துச் சொல்லலாம், கூட்டாகக் கேட்கலாம், கூட்டாகச் செய்து காட்டலாம். இவ்வளவுதான் அதன் பலம். இந்த வரம்பை மறந்து காவல்துறையைப் போலவோ மாநகராட்சியைப் போலவோ நடந்துகொள்ளத் தொடங்கிய சங்கங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தம் பகுதி மக்களிடமே மதிப்பிழந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். துணைவிதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்; உறுப்பினர் யார், பொதுக்குழு எத்தனை நாள் முன்னறிவிப்போடு கூட வேண்டும், கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகை எவ்வளவு, பொறுப்பாளர்களின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வரும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றைப் பற்றியவையாகவே இருக்கும்.

ஏன் யாரும் வருவதில்லை என்ற கேள்விக்கு, மக்களுக்கு அக்கறை இல்லை என்ற பதிலையே எல்லாச் சங்கங்களிலும் கேட்கலாம். அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தெருவிளக்கு எரிந்தால் அதற்காக உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே வெளிச்சம்தான் கிடைக்கிறது. ஆகவே, குழு பெரிதாகப் பெரிதாக, தன் பங்கைச் செய்யாமல் இருப்பதே ஒவ்வொருவருக்கும் இயல்பான முடிவாகிவிடுகிறது. சிறிய குழுவில், ஒருவர் செய்வதும் செய்யாததும் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதால், நிலைமை மாறுகிறது. அவருக்கும் முன்பே, பிரான்சைச் சேர்ந்த மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அவர்களின் பலத்தை அளந்து பார்த்தார். 1913ஆம் ஆண்டு வெளியான அந்த அளவீடுகளின்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் கயிற்றில் ஏறியது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும், மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற நினைப்பும் ஆக இரண்டுமே இதற்குக் காரணம் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். தேர் நகர்வதற்கு, யார் எந்த வடத்தைப் பிடிப்பது, எப்போது இழுப்பது என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆகவே, "சங்கத்துக்கு உழைக்க வாருங்கள்" என்ற அழைப்பால் பயன் மிகக் குறைவு. கேட்பவருக்கு அது எவ்வளவு வேலை, எப்போது முடியும் என்பது தெரியாது. ஒருமுறை தலையைக் கொடுத்தால் பத்தாண்டுகள் விட மாட்டார்கள் என்ற அச்சமும் இருக்கும், அந்த அச்சம் நியாயமானதும்கூட. எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் பற்றி இரண்டு ஆண்டுகளாக எழுதிய கடிதங்கள் எதற்கும் பலன் கிடைக்கவில்லை. கடைசியாக ஒருநாள், இரண்டாம் தெருவில் அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்திராத ஓர் ஆசிரியையிடம் சென்று, "வெள்ளிக்கிழமை மாலை 7 மணி முதல் 8 மணி வரை உங்கள் மகளோடு நான்கு தெருக்களையும் ஒரு சுற்றுச் சுற்றி, எரியாத கம்பங்களின் எண்களை மட்டும் குறித்துத் தர முடியுமா?" என்று கேட்டேன். அன்றிரவே ஒரு பள்ளி நோட்டுத் தாளில் பட்டியல் வந்துவிட்டது. 64 கம்பங்களில் 11 எரியவில்லை. 3 விட்டு விட்டு எரிந்தன. ஒன்றில் எண்ணே அழிந்திருந்ததால், "மூலை வீட்டு வேப்பமரத்துக்கு எதிரே" என்று அந்தப் பெண் அடையாளம் எழுதியிருந்தாள். அந்தத் தாளின் நகலை இணைத்துக் கடிதம் கொடுத்தோம். இரண்டு வாரங்களில் 13 விளக்குகள் சரியாகிவிட்டன. முந்தைய கடிதங்களில் "பல விளக்குகள் எரியவில்லை" என்று பொதுப்படையாக எழுதியிருந்தோம். அதை வைத்துக்கொண்டு ஏணியோடு வரும் பணியாளர் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? ஆசிரியைக்கு அந்த ஒரு மணி நேர வேலை நிறைவைத் தந்தது; அடுத்த ஆண்டு அவரே பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

யாரிடமாவது ஒரு வேலையைக் கேட்கும்போது, அது என்ன, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றையும் சொல்லியே கேளுங்கள். பொதுவாக அறிவித்துவிட்டுக் கை உயர்வதற்குக் காத்திருக்காமல், இன்னாரால் இது முடியும் என்று பார்த்து அவரவர் வீட்டுக்கே சென்று கேளுங்கள். அவர் முடியாது என்று சொல்வதற்கும் இடம் கொடுங்கள். மறுத்தவரை அடுத்தமுறை வேறொரு சிறிய வேலைக்குக் கேட்கலாம். முடித்தவருக்கு நன்றி சொல்வதோடு, அவருடைய உழைப்பால் என்ன நடந்தது என்பதையும் தவறாமல் தெரிவியுங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

200 வீடுகளையும் ஒருவர் நேராகக் கவனித்துக்கொள்ள இயலாது. 15 அல்லது 20 வீடுகளுக்கு ஒருவர் என்று தெருப் பொறுப்பாளர்களை அமைத்துக்கொண்டால் 10 முதல் 13 பேர் தேவைப்படுவார்கள். முதல் ஆண்டில் 6 பேர் கிடைத்தாலே போதும், கிடைத்த தெருக்களில் தொடங்கிவிடுங்கள். அவர்களுடைய வேலை இரண்டே: செய்தியைக் கொண்டுசேர்ப்பது, குறையைக் கேட்டு வருவது. முதல் மூன்று மாதங்களில் நீங்களும் அவர்களோடு வீடுவீடாகச் செல்லுங்கள். அந்தச் சுற்றில் சந்தா கேட்கவே வேண்டாம். ரசீதுப் புத்தகத்தோடு மட்டுமே வந்து பழகிய சங்கம் வெறுங்கையோடு வந்து, "இந்தப் பகுதியில் எந்த ஒன்று மாறினால் உங்களுக்கு நன்றாக இருக்கும்?" என்று கேட்கும்போது, நின்று பேசாதவர்கள் மிகவும் குறைவு. கேட்டதை ஒரு நோட்டில் வீட்டு எண், பெயர், சொன்ன செய்தி, செய்து தரக்கூடிய உதவி என்ற நான்கு பத்திகளில் எழுதிக்கொள்ளுங்கள். 12 ஆண்டுப் பழைய சங்கத்தின் செயற்குழு முக்கியமாக நினைத்தவையும் வீடுகளில் கேட்டவையும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அந்த நோட்டு காட்டிவிடும். எங்கள் குழு ஓராண்டு முழுவதும் நுழைவாயில் வளைவு அமைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வீடுகளில் நாங்கள் கேட்டதில் பாதிக்கு மேல் தெருநாய்களையும் மாலை நேரத்தில் குழந்தைகள் விளையாட இடமில்லாததையும் பற்றியதாக இருந்தது. எவ்வளவு குறைகள் வந்தாலும், முதல் ஆறு மாதங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்குத் தெரியக்கூடியதாக, உங்கள் சக்திக்குள் முடியக்கூடியதாக அது இருக்கட்டும்.

கூட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் சங்கத்தை விட்டு விலகுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை 1863ஆம் ஆண்டு ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். கூட்டத்தை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. அந்தக் கசப்பே அவரைக் கூட்ட நடைமுறைகளைத் தேடித் தொகுக்க வைத்தது. 1876ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட விதித் தொகுப்பைப் பல நாட்டு அமைப்புகள் இன்றும் பின்பற்றுகின்றன. அத்தனை விதிகளும் ஒரு தெருச் சங்கத்துக்குத் தேவையில்லை. ஆனால் மூன்றை உறுதியாகக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டுமே பேசப்படும், பேச விரும்பும் எல்லோரும் ஒருமுறை பேசும்வரை யாரும் அதே பொருளைப் பற்றி இரண்டாம் முறை பேச மாட்டார், யாராவது ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழியாத எதுவும் வாக்குக்கு வராது. இவற்றில் இரண்டாவது விதி, குரல் ஓங்கிய மூன்று பேர் கூட்டத்தை எடுத்துக்கொள்வதைச் சண்டையில்லாமல் தடுத்துவிடுகிறது. ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்களும் இளைஞர்களும் வாய் திறப்பது இந்த விதி வந்த பிறகுதான்.

நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது தகவலா, கலந்துரையாடலா, முடிவெடுக்க வேண்டியதா என்று ஒரு சொல்லில் குறியுங்கள். 90 நிமிடத்துக்கு மேல் கூட்டம் நீளக்கூடாது. சொன்ன நேரத்தில், வந்திருப்பவர்களை வைத்தே தொடங்கிவிட வேண்டும். தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர்கள் அடுத்தமுறை தாமதமாக வருவார்கள். தீர்மானப் புத்தகத்தைப் பொறுத்தவரை, யார் என்ன பேசினார் என்பதைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. "வேகத்தடை அமைக்கக் கோரி மனுக் கொடுப்பது, பொறுப்பு மூன்றாம் தெருப் பொறுப்பாளர், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள், இருவர் எதிர்த்தனர், ஆம்புலன்ஸ் வேகமாகச் செல்ல முடியாது என்பது அவர்கள் கூறிய காரணம்" என்று எழுதினால் போதும். முடிவு, பொறுப்பு, நாள், எதிர்ப்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எதிர்த்தவர்களின் காரணத்தையும் எழுதி வைப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தோற்றுப்போன கருத்துக்கும் புத்தகத்தில் இடமுண்டு என்று தெரிந்தவர் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார். கலைவதற்கு முன் அன்றைய முடிவுகளை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் பேசிய பிறகும் என்ன முடிவானது என்பதில் ஐந்து பேருக்கு ஐந்து விதமான நினைவு இருப்பது அந்த இடத்திலேயே தெரியவரும், அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

பணத்தில் நேர்மை மட்டும் போதாது, நேர்மை எல்லோருக்கும் தெரியும்படியும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகக்கூடாது. அந்த இருவர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. சந்தாவைப் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம்; அவர் தவறே செய்யாதவராக இருந்தாலும், ஒருநாள் அதை நிறுவ முடியாமல் தவிப்பார். பெறும் ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது, கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் வவுச்சர், மாதம் ஒருமுறை வரவு, செலவு, கையிருப்பு என்ற மூன்று வரி அறிவிப்பு, செயற்குழுவில் இல்லாத ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு இருமுறை கணக்கைப் பார்ப்பது ஆகியவை நடந்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. சரிபார்ப்பவனாக இருந்த 3 ஆண்டுகளில் நான் ஒரு மோசடியையும் கண்டதில்லை. கண்டதெல்லாம், அவசரத்துக்குச் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு ரசீதைத் தொலைத்தவர்களைத்தான். பின்பு பணத்தைக் கேட்கவும் கூச்சம், விடவும் மனமில்லை. அந்த மனத்தாங்கலில் நல்ல உழைப்பாளிகள் இருவரை நாங்கள் இழந்தோம். இதைத் தவிர்க்க, சில்லறைச் செலவுக்கென்று ஒரு சிறு முன்பணத்தைப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்து, ரசீதுகளைப் பார்த்து மாதந்தோறும் நிரப்பிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் பொறுப்பாளர்கள் மட்டும் அறிவிப்புகளை இடலாம். மற்றொன்றில் எல்லோரும் பேசலாம். குடிநீர் வராத நாளின் அறிவிப்பு வாழ்த்துப் படங்களுக்கு நடுவே புதைந்துபோவதை இது தடுக்கும். கைப்பேசியில் நடக்கும் விவாதத்தைச் சங்கத்தின் முடிவாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பேசாத முதியவர்களுக்கும் இந்தச் சங்கத்தில் வாக்கு உண்டு. உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியலை, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும், வியாபாரத்துக்கோ தேர்தலுக்கோ கொடுக்காதீர்கள்.

மாநகராட்சியோடு பேசும்போது ஒரு கடிதத்தில் ஒரே ஒரு குறையை எழுதுங்கள். ஐந்து குறைகளை ஒரே மனுவில் எழுதினால், அது ஐந்து பிரிவுகளுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும். இடம், எண், புகைப்படம், முதலில் தெரிவித்த தேதி ஆகியவற்றோடு கொடுத்து, ஒப்புகை எண்ணைப் பெற்று, அதைச் சங்கக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அதைச் செய்த பணியாளருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் நன்றிக் கடிதம் எழுதுவது எங்கள் வழக்கமாக இருந்தது. கட்சிகளிடமிருந்து சங்கத்தைத் தள்ளியே வையுங்கள். யார் வென்றாலும் மறுநாள் காலையில் மனுவோடு போக வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கலந்தாலோசனைக் கூட்டம் என்று அதிகாரிகள் அழைக்கும்போது, ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969ஆம் ஆண்டு வரைந்த ஏணியை நினைவில் கொள்ளுங்கள். குடிமக்களின் பங்கேற்பை அவர் எட்டுப் படிகளாகப் பிரித்தார். அடியில் உள்ள இரண்டு படிகளில் மக்கள் இருப்பதுபோல் தோன்றினாலும் பங்கேற்பே கிடையாது. தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்துதல் ஆகிய நடுப்படிகளில் நம் குரல் கேட்கும், முடிவு நம்முடையதாக இருக்காது. கூட்டாளியாவதிலிருந்துதான் உண்மையான அதிகாரம் தொடங்குகிறது. வரைபடம் முடிந்து ஒப்பந்தமும் கொடுக்கப்பட்ட பின் உங்களை அழைக்கிறார்களா, வரைவதற்கு முன்பே அழைக்கிறார்களா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே கேள்வியை உங்கள் செயற்குழுவிடமும் கேட்க வேண்டும். பூங்காவை மாற்றி அமைப்பது என்று ஏழு பேர் முடிவு செய்துவிட்டு, எந்த நிறம் அடிக்கலாம் என்று மட்டும் 200 வீடுகளைக் கேட்டால், நாமும் அந்த ஏணியின் நடுப்படியில்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

உங்கள் கேள்வியில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டுமே உங்கள் சங்கத்தில் வாக்கு இருந்தால், அதை மாற்றுவதற்குத் தயவுசெய்து முயலுங்கள். வாடகை வீட்டில் இருப்பவரும் அதே இருட்டில்தான் நடக்கிறார், அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார். அண்டை வீட்டாரை அறிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1995ஆம் ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி 6,400க்கு மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். யார் எந்த அறையில் உறங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில், வழக்கமான இறப்புகளைக் காட்டிலும் 739 பேர் கூடுதலாக இறந்தனர்; தனியாக வாழ்ந்த முதியவர்கள் அவர்களில் மிகப் பலர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், அருகருகே இருந்த இரண்டு ஏழ்மையான பகுதிகளில் ஒன்றில் மட்டும் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்ததைக் கண்டார். அங்கே கடைகளும் ஆள் நடமாட்டமும் நிறைந்திருந்ததால் முதியவர்கள் வெளியே வந்தார்கள், அவர்களைப் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள் என்பது அவர் தந்த விளக்கம். உங்கள் 200 வீடுகளிலும் தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க இயலாதவர்கள், ஆக்சிஜன் போன்ற கருவியைச் சார்ந்து வாழ்பவர்கள் யார் என்று, அவர்களுடைய சம்மதத்தோடு ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீடுகளில் இருவரைப் பொறுப்பாக வையுங்கள். சங்கம் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

சச்சரவுகள் வரும். பாசனக் கால்வாய்களையும் மீன்பிடிப் பகுதிகளையும் ஊரார் தாங்களே பல தலைமுறைகளாகப் பராமரித்துவந்த விதத்தை ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நிலைத்து நின்ற ஏற்பாடுகளில் சில பொதுத்தன்மைகளைக் கண்டார். விதிகளால் பாதிக்கப்படுபவர்களுக்கு அவற்றை மாற்றுவதிலும் பங்கு இருந்தது. முதல் தவறுக்கு மிக லேசான கண்டிப்பும் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்குப் படிப்படியாகக் கடுமையும் இருந்தன. தகராறுகளை அருகிலேயே, செலவில்லாமல், விரைவாகத் தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. நம் சங்கத்தில் இது எப்படி என்றால், இரவில் இசையைச் சத்தமாக வைக்கும் வீட்டைப் பற்றிய புகாரை முதலில் வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல், தெருப் பொறுப்பாளர் நேரில் போய்ப் பேச வேண்டும். அந்த வீட்டார் சொல்வதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டவர் திருந்தியதாக என் அனுபவத்தில் ஒருவர்கூட இல்லை. அவரோடு அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் விலகியதே நடந்தது. புகார் கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றுங்கள், ஆனால் மொட்டைக் கடிதங்களின் மேல் நடவடிக்கை எடுக்காதீர்கள்.

இனி, ஏற்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் சில நிபந்தனைகளைச் செயற்குழுவின் முன் வைத்து, அவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். 2 ஆண்டுகள், மிஞ்சினால் இன்னொரு 2 ஆண்டுகள், அதற்கு மேல் நீங்களே விரும்பினாலும் கிடையாது என்பது முதலாவது. உங்களைத் தேர்ந்தெடுக்கும் அதே கூட்டத்தில் ஒரு துணைச் செயலாளரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டில் ஒரு மாதம் முழுவதும் அவரே சங்கத்தை நடத்த வேண்டும், அந்த மாதத்தில் நீங்கள் தொலைபேசியில்கூடக் குறுக்கிடக்கூடாது. அவர் எந்தெந்த இடத்தில் தடுமாறினார் என்று பார்த்தால், எதையெல்லாம் இன்னும் எழுதி வைக்காமல் நம் தலையில் சுமந்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். விலகும் செயலாளரோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து, பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், தீர்மானப் புத்தகங்கள், வங்கி ஆவணங்கள், மின்னஞ்சல் கடவுச்சொற்கள், சாவிகள், நிலுவையில் உள்ள மனுக்கள், ஆண்டு முழுவதும் வரும் கடைசித் தேதிகள், யாரை எதற்கு அழைப்பது என்ற எண்கள் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாலைகளில் அவரிடம், சங்கத்தை விட்டு முழுவதும் போய்விடாமல் ஓராண்டு ஆலோசகராக இருக்கும்படியும் கேளுங்கள். 12 ஆண்டுகளில் எந்த அதிகாரி எந்தக் கோரிக்கைக்கு என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்பது அவருக்குத் தெரியும், அது எந்தக் கோப்பிலும் இருக்காது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள அந்தத் துணைச் செயலாளரையும் உடன் அழைத்துப் போங்கள்.